டப்பாவில் இருந்த இலை, பட்டை, பூ

கலைமதி அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அவளுடைய பாத்திரம் கழுவும் பைத்தியத்தைத்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் நாள் முழுக்க அண்டா அண்டாவாகத் தேய்த்துவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்ததும் காலை நீட்டி உட்கார வேண்டாமா? மாட்டாள். புருஷன் கன்னியப்பன் ஷிப்ட் முடிந்து வாசலில் கால் வைக்கும்போதே கையை நீட்டுவாள். "டப்பாவ குடு." அவர் ஷூவைக் கழற்றுவதற்குள் சோற்று டப்பா குழாயடிக்குப் போய்விடும். சாம்பார் காய்ந்தால் கறை போகாதாம். அவர் நைட் ஷிப்ட் முடிந்து வரும் வாரத்தில், விடிந்தும் விடியாமல் அந்த டப்பாவை அவள் தேய்க்கிற சத்தத்தில் எங்கள் லைன் வீடு மொத்தமும் எழுந்துகொள்ளும்.

"தேச்சித் தேச்சி அது ஓட்டையா பூடும்க்கா. கொஞ்சம் தூங்க வுடு" என்று நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கத்துவேன்.

"உனுக்கு ஒர்த்தன் வருவான் இல்ல, அப்போ தெரியும் போடி" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வரும். இன்னும் ஒருத்தனும் வரவில்லை. நானும் தேடவில்லை.

என் பெயர் சத்யப்பிரியா. சீட் பெல்ட் செய்கிற கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. வருவதைப் புரட்டிப் பார்த்து நல்லதை ஒரு பக்கமும் கழிசலை ஒரு பக்கமும் போட வேண்டும். வருஷக்கணக்கில் அதையே செய்து, மனிதர்களையும் அப்படியே பிரித்துப் போடுகிற புத்தி வந்துவிட்டது. குடிவந்த புதிதில் கலைமதி அக்காவைக் கழிசல் பக்கம்தான் போட்டேன். வாய் அதிகம், குரல் அதைவிட அதிகம். பிறகு எனக்கு டெங்கு வந்து படுத்தபோது, என் வாந்தியை வாரியவளும் அவள்தான், கஞ்சி வைத்துக் குடிக்கவைத்தவளும் அவள்தான். குடிக்காவிட்டால் திட்டினாள். பெற்ற தாய்கூட அப்படித் திட்டியிருக்க மாட்டாள்.

கன்னியப்பன் மாமா அவளுக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி இருப்பார். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். எல்லாம் கான்ட்ராக்ட்தான். கான்ட்ராக்டர் மாறுவார், சட்டையின் நிறம் மாறும், மாமா மட்டும் அதே வண்டியில் உட்கார்ந்திருப்பார். அவரை விடச் சின்னப் பையன்களெல்லாம் பர்மனென்ட் ஆகி, அவரைப் பார்த்து "இன்னா கன்னியப்பா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

இந்த வருஷம் கம்பெனி ஒரு நோட்டீஸ் ஒட்டியது. பழைய ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்களைப் பர்மனென்ட் செய்யப் போகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை, மெடிக்கல் செக்கப்பில் தேற வேண்டும். கண், பிரஷர், சர்க்கரை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். தேறாதவர்களை வண்டியிலிருந்தே இறக்கிவிடுவார்கள். பாரம் தூக்கும் வண்டியில் மயங்கி விழுந்தால் கீழே நிற்கிறவன் கதி என்ன? அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை.

மாமாவுக்குச் சர்க்கரை இருந்தது. அதுவும் எக்கச்சக்கமாக. அதை அவர் கம்பெனியில் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கும் அக்காவுக்கும் பார்த்த டாக்டருக்கும்தான் தெரியும். சுவர் மெல்லிசு என்பதால் எனக்கும் தெரியும்.

மாத்திரை போட்டார். போதவில்லை. பிறகு கசப்புக்கு இறங்கினார். எங்கள் பக்கத்தில் சர்க்கரைக்கு மருந்து என்னவென்று கேட்டால் பெயர் சொல்ல மாட்டார்கள், ருசியைத்தான் சொல்வார்கள். கசந்தால் மருந்து. எவ்வளவுக்கெவ்வளவு கசக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது. வேப்பங்கொழுந்து, பாகற்காய்ச் சாறு, நாவல்கொட்டைப் பொடி, சிறியாநங்கை என்று மாமா ஒன்றையும் விடவில்லை. "தித்திப்பால வந்தது கசப்பால தான் போவணும்" என்று தீர்ப்பு மாதிரி சொல்வார். அவர் பேசுவதே அபூர்வம் என்பதால் நாங்களும் தலையாட்டிவிடுவோம். மெடிக்கல் நெருங்க நெருங்க அவர் முகத்தில் சதையே இல்லை. நடுவில் ஒருநாள், பத்தாவது படிக்கிற மகள் ரஞ்சனியை உட்காரவைத்து, "அம்மாவ பாத்துக்கோ" என்று சொன்னாராம். எதற்கு அப்படிச் சொன்னார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மெடிக்கலுக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது, ஒரு காலை நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார். அக்காவுக்கு அன்று வார லீவு. வழக்கம்போல வாசலில் நின்று கையை நீட்டினாள். அந்தக் கை அவரைத் தாங்கிப் பிடிக்கத்தான் உதவியது. வாசற்படியிலேயே வாந்தி எடுத்தார். எடுத்துக்கொண்டே இருந்தார். வாயு என்றாள் அக்கா, சோடா வாங்கி வந்து கொடுத்தாள், அதுவும் வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் உடம்பு சில்லிட்டு, பேச்சு குழற ஆரம்பித்தது. எனக்கு அன்று செகண்ட் ஷிப்ட். அக்காவின் அலறலைக் கேட்டு ஓடினேன். ஆட்டோ பிடித்தோம். கார்டெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று, அவருடைய ஷிப்ட் பையை அக்கா தோளில் மாட்டிக்கொண்டாள். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன்.

தண்டலம் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எமர்ஜென்சியில் ஹேமந்த் என்று ஓர் இளவயது டாக்டர். ஈசிஜி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"இதயத் துடிப்பு ரொம்பக் குறைஞ்சிக்கிட்டே வருது. ஹார்ட் அட்டாக்னு சொன்னா முழுசாப் பொருந்தல. ரத்தத்தைக் கரைக்கிற மருந்து போடலாமா வேணாமான்னு யோசிக்கிறோம். தப்பாப் போட்டா ஆபத்து. உண்மையச் சொல்லுங்க, வேற ஏதாவது சாப்பிட்டாரா?"

"ஒண்ணும் இல்ல சார். நான் கட்டிக்குடுத்த சோறுதான்" என்றாள் அக்கா.

உள்ளே ஸ்ட்ரெச்சரில் இருந்த மாமா உதட்டை அசைத்தார். டாக்டர் குனிந்து காதைக் கொடுத்தார். இரண்டே வார்த்தை வந்தது. "சக்கரைக்கு... மரத்துல..." அதற்குமேல் வரவில்லை. கண் செருகிவிட்டது.

டாக்டர் நிமிர்ந்தார். "எந்த மரம்?"

எங்களுக்கு எப்படித் தெரியும்?

"எங்கே பறிச்சாரு, என்ன மரம், இலையோ பட்டையோ பூவோ காயோ, எது கிடைச்சாலும் கொண்டாங்க. எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். என்னன்னு தெரிஞ்சா எதுக்குத் தயாராகணும்னு எங்களுக்குத் தெரியும்."

வேலை பார்க்கிற இடத்தை விட்டால் அவர் வேறு எங்கே போகிறார்? கம்பெனிக்குள்தான் பறித்திருக்க வேண்டும். அக்காவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரகடம் ரோட்டில் பறந்தேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சந்து கிடைத்த பக்கமெல்லாம் புகுந்து ஓட்டினேன். பின்னால் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். "போ சத்யா. போ சத்யா." அந்த ஷிப்ட் பை ஒவ்வொரு பள்ளத்திலும் என் முதுகில் இடித்தது.

கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். பெயர், யாரைப் பார்க்க வேண்டும், ஐடி, மூடிய ஷூ. செருப்போடு உள்ளே விட மாட்டார்களாம். அக்கா காலில் செருப்புகூட இல்லை, அதை அவளும் அப்போதுதான் கவனித்தாள்.

"உள்ள ஒரு மரத்த பாக்கணும்ண்ணா. பாத்துட்டு உடனே வந்துடறேன்."

"மரத்தையா? இன்னாம்மா வெளையாடறியா? ஹெச்ஆர் பர்மிஷன் இல்லாம ஒரு ஈகூட உள்ள போவ முடியாது. இன்னா விஷயம்னு சொல்லு, நான் போன் போடறேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னால் சர்க்கரை வெளியே வரும். சர்க்கரை வெளியே வந்தால் பர்மனென்ட் போகும், வண்டியும் போகும். இத்தனை வருஷம் மாமா வாயை மூடிக்கொண்டிருந்ததெல்லாம் வீண். சொல்லாமல் நின்றால் ஆளே போய்விடுவார். வேறு காரணம் சொல்லி உள்ளே போக முடியுமா என்று ஒரு நிமிஷம் தடுமாறினாள். சாமிக்கு இலை வேண்டும் என்றாள். செக்யூரிட்டி சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவள் உடைந்தாள்.

"எம் புருசனுக்கு சக்கரைய்யா! கன்னியப்பன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்றவரு! மெடிக்கல்ல பாஸ் ஆவணும்னு உங்க மரத்துல எதையோ துன்னுட்டு செத்துகினு கீறாரு! வுடுய்யா உள்ள!"

ஜெனரல் ஷிப்ட் ஏறுகிற நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அக்கா அதையே இன்னும் இரண்டு தடவை கத்தினாள்.

ஹெச்ஆரிலிருந்து சுகப்பிரியா என்று ஒரு பெண் ஓடிவந்தாள். நல்ல பெண்தான். உடனே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள், யாருடைய ஷூவையோ வாங்கி அக்காவுக்கு மாட்டிவிட்டாள். போகிற போக்கில் மெதுவாகக் கேட்டாள். "கன்னியப்பனுக்கு சுகர் இருக்கா? ஃபைல்ல இல்லையே?" அக்கா தோட்டத்தைப் பார்த்து நடையை எட்டிப் போட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்தக் கேள்வியோடு மாமாவின் வேலை முடிந்தது என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

முன்பக்கத் தோட்டம் கல்யாண மண்டபம் மாதிரி ஜோடித்திருந்தது. மரம் மரமாக நின்றது. ஒவ்வொன்றின் கீழும் பளிங்குப் பலகை. ஓடிப்போய்ப் படித்தேன். இன்ன தேதியில் இன்ன நாட்டிலிருந்து வந்த இன்ன அதிகாரி நட்டது. அடுத்த பலகை, அடுத்த அதிகாரி. நட்டவர் பேர் இருந்தது, மரத்தின் பேர் ஒன்றில்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பலகையைப் பெயர்த்து எறியலாம் போல இருந்தது.

மாமாவோடு வண்டி ஓட்டுகிற இசக்கியப்பனை சுகப்பிரியா கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். நாகர்கோவில் பக்கத்து ஆள். விஷயம் தெரிந்ததும் அவன் முகம் வெளுத்தது.

"நான் பொதுவாத்தான் சொன்னேன்க்கா. எங்க ஊர்ப் பக்கம் சுகருக்கு மகாகனிக் கொட்டை திம்பாங்க. எப்பவும் பச்சையா நிக்கிற மரம், கை நிறைய காய், உடைச்சா உள்ள கொட்டை, நாக்குல வச்சா உயிரு போற மாதிரி கசக்கும்னு சொன்னேன். அவ்வளவுதான். இங்க எந்த மரத்தையும் நான் காட்டலியே. சத்தியமா காட்டலக்கா."

அவன் காட்டவில்லை என்பது உண்மைதான். அவன் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு மாமாவே தேடியிருக்கிறார். பச்சை மரம், காய், கசக்கும் கொட்டை. இந்த மூன்றும் எத்தனை மரத்துக்குப் பொருந்தும்? கசப்பைத்தான் அவர் கடைசி அத்தாட்சியாக எடுத்திருப்பார். கசந்திருக்கும், அது போதும் அவருக்கு.

அக்கா எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. எட்டிய கிளையையெல்லாம் ஒடித்தாள். பூ இருந்தால் பூ, காய் இருந்தால் காய். நகத்தால் பட்டையைப் பிய்த்தாள், நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. இசக்கியப்பன் எட்டாத கிளைகளை இழுத்துக் கொடுத்தான். ஒரு சாக்கு நிறைந்தது. பின்பக்கம் லாரி நிற்கிற இடத்தில் இன்னும் மரங்கள் இருக்கின்றன என்றான் அவன். அங்கே வெளியாட்களைக் கூட்டிப்போக மேலே கேட்க வேண்டும் என்றாள் சுகப்பிரியா. கேட்டுக்கொண்டு நிற்க எங்களுக்கு நேரமில்லை. போன் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து. சீக்கிரம் வரச் சொன்னார்கள்.

திரும்பி வந்து சாக்கை எமர்ஜென்சி வாசலில் கொட்டினோம். டாக்டர் ஹேமந்த் அந்தக் குவியலைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இதுல எதும்மா?"

"தெரியலையே சார்..."

"இவ்வளவுல எதுன்னு நான் தேடுறது?" அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. உள்ளே மானிட்டர் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. ஊசி போட்டும் துடிப்பு ஏறவில்லை என்றார்கள்.

அக்கா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அழவும் இல்லை. தோளிலிருந்த பை தரையில் இடித்து 'டங்' என்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவள் பையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சம்பந்தமே இல்லாமல், "டப்பா இன்னும் கழுவலியே சத்யா. காஞ்சி பூட்டிருக்கும்" என்றாள்.

எனக்குப் பயமாகிவிட்டது. புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். "அக்கா, அத்த அப்பறம் பாத்துக்கலாம்க்கா" என்று கையைப் பிடித்தேன். தட்டிவிட்டாள். பையைத் திறந்து, சட்டைக்கு அடியிலிருந்து டப்பாவை எடுத்து, மூடியைத் திருகினாள்.

உள்ளே சாம்பார் இல்லை. சோற்றுப் பருக்கைகூட இல்லை. கழுவித் துடைத்திருந்தது. அதற்குள் ஒரு கிளையின் நுனியை ஒடித்து மடக்கி வைத்திருந்தார். ஒரு துண்டு பட்டை. வாடின வெள்ளைப் பூ. பிளந்த பச்சைக் காய் ஒன்று. அதன் பக்கத்தில், பேப்பரில் சுற்றிய பாதிக் கொட்டை.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்கள். அக்கா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரகடம் வரைக்கும் போய், வேலைக்கும் உலை வைத்துவிட்டு வந்திருந்தாள்.

டாக்டர் டப்பாவை வாங்கிக்கொண்டார். பக்கத்துக் காலேஜில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிற நாச்சியார் மேடத்தை ஒரு நர்ஸுக்குத் தெரிந்திருந்தது. வீடியோ காலில் பிடித்தார்கள். டாக்டர் ஒவ்வொன்றாகக் காட்ட, நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தேன்.

"இலை எல்லாம் நுனியில கொத்தா இருக்கா?"

"ஆமா மேடம். நீளமா, மேல பளபளன்னு கரும்பச்சை. நடு நரம்பு தடிமனா இருக்கு."

"ஒடிச்ச இடத்துல பால் வந்த தடம் இருக்கா பாருங்க."

காம்பின் முனையில் வெள்ளையாகப் பிசின் மாதிரி காய்ந்து ஒட்டியிருந்தது. டாக்டர் கேமராவை அருகில் கொண்டுபோனார்.

"பட்டை?"

"சாம்பல் நிறம். மேல சின்னச் சின்னப் புள்ளியா, மரு மாதிரி."

"பூவ விரிச்சுக் காட்டுங்க. அஞ்சு இதழும் ஒரே பக்கமாத் திரும்பியிருக்கா, காத்தாடி மாதிரி? நடுவுல மஞ்சளா?"

"அப்படித்தான் இருக்கு."

மேடம் திரையருகே குனிந்தார். "அந்தக் கொட்டை அறுக்கும்போது வெள்ளையாத்தான் இருந்திருக்கும். இப்ப என்ன நிறம்?"

பேப்பரைப் பிரித்தார். கத்தரிப்பூ நிறம் கறுத்துப்போயிருந்தது.

"டாக்டர், இது உதளை. காட்டரளின்னும் சொல்வாங்க. அரளிக் குடும்பம்தான். காய் பார்க்க மாங்காய் மாதிரி இருக்கும். விஷம் அந்தக் கொட்டையில. நேரா இதயத்தைத்தான் பிடிக்கும்."

நாங்கள் ஒடித்துவந்த குவியலில் அப்படி ஓர் இலை இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பின்பக்கம் லாரி நிற்கிற இடத்து மரம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்குப்பின் எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தம் கரைக்கிற மருந்து வேண்டாம் என்று முடிவானது. கழுத்து வழியாக ஒரு கம்பியை இதயத்துக்குள் விட்டு, வெளியே ஒரு மெஷினை வைத்து அதனால் துடிக்கவைக்க வேண்டும் என்றார்கள். அக்கா கைநாட்டு வைக்கிறவள் இல்லை, கையெழுத்துப் போடத் தெரிந்தவள்தான். அன்று அவளுக்குத் தன் பேரே வரவில்லை. நான் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லப் போட்டாள்.

அது முடிந்ததும் போலீஸ் வந்தது. விஷம் என்றால் தகவல் சொல்லியாக வேண்டுமாம். வந்த ஏட்டு வயதானவர், மரியாதையாகத்தான் கேட்டார். "வூட்ல எதுனா தகராறாம்மா? தெரியாம துன்னாரா, தெரிஞ்சே துன்னாரா? இந்தக் காய துன்றவன் எல்லாம் சாவறதுக்குத்தான் துன்னுவான்னு சொல்றாங்க, அதான் கேக்கறேன்."

"தெரியாமதான் சார்" என்றாள் அக்கா. அவளுடைய வழக்கமான குரலில் பாதிதான் வெளியே வந்தது.

ஏட்டு போனதும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ரஞ்சனிய கூப்ட்டு அம்மாவ பாத்துக்கோன்னு சொன்னாரே சத்யா. எதுக்குச் சொன்னாரு? மெடிக்கல் தேற மாட்டோம்னு தெரிஞ்சிபோய்தான்..." முடிக்கவில்லை. அவர் பிழைப்பாரா என்ற பயத்தோடு இந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. பிழைத்து வந்தால் அவரிடம் இதைக் கேட்க வேண்டும். கேட்காமல் போய்விட்டால் சாகிறவரைக்கும் அவளைத் தின்றுவிடும். ஐசியூ வாசலில் அவள் உட்கார்ந்திருந்த இருப்பை என்னால் மறக்க முடியாது. ரஞ்சனி பள்ளிக்கூட யூனிஃபார்மோடு வந்து மடியில் படுத்துக்கொண்டது. அதன் தலையைத் தடவுகிற மாதிரி தடவி, கண் மட்டும் கதவின் மேல். குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை போடுகிறேன் என்றாள், காவடி எடுக்கிறேன் என்றாள், கடைசியில் பேரம் பேசவும் சக்தியில்லாமல், "குடுத்துடுப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடுத்துவிட்டான். சில நாளில் துடிப்பு தானாகவே சீரானது. கம்பியை எடுத்தார்கள். பாதிக் கொட்டையோடு நிறுத்தியதால் பிழைத்தார் என்றார் டாக்டர் ஹேமந்த். சர்க்கரை மட்டும் இம்மியும் இறங்கவில்லை. அதையும் சொன்னார்.

வார்டுக்கு மாற்றிய அன்று நானும் கூட இருந்தேன். மாமா கேட்ட முதல் கேள்வி, "இன்னிக்கி இன்னா கெழம?" மெடிக்கல் முடிந்துபோன கிழமை அது.

அக்கா மறைக்கவில்லை. "கம்பெனிக்கு எல்லாம் தெரிஞ்சி பூச்சி. நான்தான் கேட்டுல நின்னு கத்தனேன். அந்த மரம் இன்னான்னு தெரியணுமே, வேற இன்னா பண்ணுவேன்."

மாமா புரியாமல் அவளையே பார்த்தார். "நீ எதுக்குக் கேட்டுக்குப் போன? நான்தான் டப்பாவுல வச்சி வுட்டேனே."

"அத்தையெல்லாம் எதுக்கு வச்ச?"

"எல, பட்ட, பூ எல்லாமா? எதுனா ஏடாகூடமா ஆச்சின்னா டாக்டரு இன்னா மரம்னுதான கேப்பாரு. அதான் அல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணு ஒடிச்சி வச்சேன். பாதி துன்னேன், பாதிய உனுக்கு வச்சேன்." மூச்சு வாங்கினார். "நான் வந்ததும் நீ டப்பாவத்தான தொறப்ப. எப்பவும் தொறப்பியே."

அக்கா அவர் கட்டிலை நெருங்கி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள், "அப்போ செத்துக்கூட பூடலாம்னு தெரிஞ்சிதான் துன்னியா?"

"சாவறதுக்கு இல்ல. ஆனா தெரியாத மரமாச்சே அது. பயமாத்தான் இருந்துச்சி." கண்ணை மூடிக்கொண்டார். "வேற இன்னா இருந்துச்சி கலை, எங்கையில?"

எனக்கு அந்த ஆளை அறையலாம் போல இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. நான் ரெண்டையும் செய்யவில்லை. அக்கா ரெண்டையும் செய்தாள். முதலில் தோளில் ஓங்கி ஓர் அடி, நர்ஸ் ஓடிவருகிற அளவுக்கு. பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அழாத அழுகையையெல்லாம் அழுதாள்.

வேலை போய்விட்டது. கம்பெனி மரியாதையாகத்தான் அனுப்பியது, அந்த மரத்தையும் வெட்டிவிட்டார்களாம். இசக்கியப்பன் வந்து பார்க்கும்போது மாமாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசுகிறான். மாமா இப்போது குன்றத்தூரில் ஓர் அபார்ட்மென்ட்டுக்குக் காவலுக்குப் போகிறார். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஊசி போட்டுவிடுவது ரஞ்சனி.

டப்பா தேய்க்கிற சத்தம் இன்னும் கேட்கிறது. நான் கத்துவதை விட்டுவிட்டேன். முன்பெல்லாம் அக்கா டப்பாவை வாங்கி நேராகக் குழாயடிக்குப் போவாள். இப்போது வாசலிலேயே அவரை நிறுத்தி, அங்கேயே மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறாள். சாம்பார் வாசனை வந்தால்தான் அவரை உள்ளே விடுகிறாள்.